பல்லாவரம்: கல்லும் தண்ணீரும்

(விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பங்கின் வரலாற்றைப் பேசும்படி விழாக் குழுவினர் பணித்தார்கள். அதை எழுத என்னிலும் தகுதி வாய்ந்த மூத்தவர்கள் இம்மலரில் இருக்கிறார்கள். ஆகவே, நம்மைத் தாங்கி நிற்கும் இந்த ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பல்லாவரம் என்றதும் விமான நிலையத்துக்கு அடுத்த ஊர் என்று சொல்லிவிடுகிறோம். ஊரோ மிகப் பழையது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் இங்குள்ள இராணுவ அணிவகுப்புத் திடலருகே ஒரு சரளைக் குழியில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலத்து மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதலில் அடையாளம் காணப்பட்ட சான்று அதுவே. நம் பிள்ளைகள் எகிப்தைப் பற்றிப் படிக்கிறார்கள். காலடியில் கிடந்த இந்தக் கல்லைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

பல்லவபுரம் என்னும் பெயரே மருவிப் பல்லாவரம் ஆயிற்று என்பர். முதலாம் மகேந்திரவர்மன் இங்கே குன்றைக் குடைந்து குகைக்கோயில் அமைத்தான். அவனுடைய பட்டப்பெயர்களைக் கல்வெட்டில் காணலாம். பிற்காலத்தில் அவ்விடம் இசுலாமியச் சகோதரர்களின் வழிபாட்டிடமாயிற்று. ஒரே பாறையில் இரு சமயத்தாரின் வேண்டுதல் படிந்திருக்கிறது. நாம் பின்னால் வந்தவர்கள்; அக்கம்பக்கத்தாரோடு பேசும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

இன்னுமொரு கல்லின் கதையும் உண்டு. கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறைக் கல் பல்லாவரத்துக் கல்லே. 1893இல் ஹாலந்து என்ற அறிஞர் அதை ஆராய்ந்து, அவ்வகைப் பாறைக்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். உலகெங்கும் நிலவியல் மாணவர் படிக்கும் பெயர் அது. நம் ஊர்க் கல்லுக்கு யாரோ ஒருவர் பெயர், என்ன செய்வது!

1931இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பட்டணத்தில் வேலை, இங்கே குடித்தனம் என்ற வாழ்க்கைக்கு வழி பிறந்தது. தோல் பதனிடும் தொழிலும் வளர்ந்தது. பக்கத்துக் குரோம்பேட்டையின் பெயரே குரோம் லெதர் ஆலையால் வந்ததுதான். அத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பம்மல், நாகல்கேணிப் பக்கத்து நிலத்தடி நீரைக் கெடுத்ததும் அத்தொழில்தான். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வெள்ளிக்கிழமைச் சந்தையை நான் வருணிக்க வேண்டியதில்லை. செடி முதல் பழைய தையல் இயந்திரம் வரை கிடைக்கும். பேரம் பேசத் தெரியாதவன் என்பதால் நான் மட்டும் தனியே போவதில்லை.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். நான் சொன்ன அந்தக் கல், பஞ்சைப்போல் நீரை உறிஞ்சி வைக்காது. பாறை வெடிப்புகளிலும் மேலேயுள்ள சிதைந்த மண்ணிலுமே நீர் தங்கும். அதை ஆண்டுதோறும் நிரப்புவது மழையும் ஏரியும். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் நூறு அடி இறக்கினால் மட்டும் நீர் பெருகிவிடாது. பெரிய ஏரிக்கு நாம் செய்தது என்ன? நடுவே துரைப்பாக்கம் சாலை போயிற்று, பல்லாண்டுகள் குப்பை கொட்டினார்கள், கழிவுநீரும் சேர்ந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி விமான நிலையமே மூடப்பட்டது. வெள்ளத்துக்கு இடமில்லை, கோடைக்குத் தண்ணீரும் இல்லை என்ற நிலை ஒரே தவற்றின் இரு முகங்கள்.

2024 டிசம்பரில் இவ்வூரில் பலர் வாந்தி பேதியால் மருத்துவமனை சேர்ந்தார்கள், சிலர் இறந்தார்கள். குடிநீரில் கழிவு கலந்தது என்றனர் மக்கள். அதிகாரிகள் தரப்பில் மறுத்தார்கள். அந்த வழக்கை நான் தீர்க்க வரவில்லை. ஆனால் குழாயைத் திறக்கும்போது ஒரு தாய்க்கு அச்சம் வருகிறதென்றால், 2021இல் ஊர் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்ததால் வந்த பெருமை எதற்கு?

ஆகவே இளைஞர் குழுவிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறேன். கிணறு உள்ள வீட்டார், எந்த மதத்தவரானாலும், எத்தனை அடியில் நீர், எந்த மாதத்தில் வற்றுகிறது, சுவை எப்படி என்று சொன்னால் குறித்துக்கொள்வார்கள். மாதிரி நீரைப் பரிசோதனைக்கும் கொடுப்போம். விழாச் செலவில் மிஞ்சும் தொகை அதற்கே. கணக்கு அடுத்த மாதம் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.