காப்பு கெட்டால் வடம் கெடும்



மின்வடங்கள் ஏன் பழுதடைகின்றன என்பது இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இது பொறியாளர்க்கு மட்டும் உரிய வினா என்று ஒதுக்கிவிட இயலாது. மின்வடத்தின் வரலாற்றில் இப்பேராக் மண்ணுக்கும் நம் முன்னோர் உழைப்புக்கும் பங்குண்டு.

மின்வடத்தின் இன்றியமையா உறுப்புகள் இரண்டு. மின்னைக் கொண்டு செல்லும் செம்பு ஒன்று. அம்மின் வெளியே பாயாமல் தடுக்கும் உறை மற்றொன்று. அவ்வுறையைத் தமிழில் காப்பு என்கிறோம். செம்பு எளிதில் கெடுவதில்லை. பெரும்பாலும் கெடுவது காப்பே.

கடலடித் தந்தி வடங்களுக்கு முதலில் காப்பாக அமைந்தது கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். பேராக் உள்ளிட்ட இத்தீபகற்பக் காடுகளில் வளர்ந்த, மலாய் மக்கள் தாபான் என்றழைத்த மரத்தின் பால் அது. மரத்தை வீழ்த்தியே அப்பாலை எடுத்தமையால் காடுகளில் அம்மரம் அருகிப்போயிற்று. சென்னையைப் பினாங்குடனும் சிங்கப்பூருடனும் 1870-71இல் இணைத்த தந்தி வடம், தமிழ்நாட்டுக்கும் இந்நாட்டுக்கும் இடையே செய்தியைச் சுமந்தது.

வடம் கெடும் வகையை அறிய 1858ஆம் ஆண்டின் அட்லாண்டிக் வடமே தக்க சான்று. பெருமகிழ்ச்சியுடன் தொடங்கப்பெற்ற அது சில வாரங்களிலேயே ஊமையாயிற்று. செம்பு சில இடங்களில் காப்பின் நடுவில் அமையவில்லை. வெயிலில் கிடந்தபோது காப்பு இளகியது. மங்கிய குறிப்புகளைத் தெளிவாக்க எண்ணி அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைச் செலுத்தியதும் கேட்டை விரைவுபடுத்தியது. செய்முறைக் குறை, வெப்பம், மிகை அழுத்தம் ஆகிய மூன்றும் இன்றும் வடங்களைக் கெடுக்கின்றன.

கட்டாபெர்ச்சாவை அடுத்து, நிலத்து வடங்களில் ரப்பர் இடம்பெற்றது. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பின்னர் எழுந்த தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவினர். அவர்கள் சேர்த்த பால், கந்தகம் கலந்து பதப்படுத்தப்பெற்று உலகெங்கும் கம்பிகளின் காப்பாயிற்று. ஆயின் ரப்பருக்கும் மூப்புண்டு. வெப்பமும் காற்றிலுள்ள உயிர்வளியும் நாளடைவில் அதனை இறுகச் செய்யும். தொட்டால் உதிரும் பருவமும் வரும்.

இன்று பெரும்பாலும் பிவிசி நெகிழி காப்பாகப் பயன்படுகிறது. அது பொதுவாக 70 பாகை செல்சியசு வரை தாங்கும். வெப்பம் 10 பாகை கூடினால் காப்பின் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கையாளும் பொதுக் கணக்கு. ஒரே பிளக்கில் பல கருவிகளை மாட்டுவது எத்துணைக் கேடு என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

பிற காரணங்களும் உள. தளர்ந்த இணைப்பு சூடேறும். ஈரம் சிறு வெடிப்பு வழியே உட்புகும். எலியும் கறையானும் காப்பை அரிக்கும். சாலையோரம் தோண்டும் இயந்திரம் புதைவடத்தைக் கிழிக்கும். அன்று பட்ட சிறு காயம் பல திங்கள் கழித்து, மழை நாளில் பழுதாய் வெளிப்படுவதும் உண்டு.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, மூடப்பட்டன. எஞ்சிய பழைய லயன் வீடுகளிலோ, நாளுக்கு நாள் கூட்டிக் கட்டப்பட்ட வீடுகளிலோ வாழ்வோர் தம் கம்பிகளின் வயதை அறிதல் வேண்டும். சுவிட்ச் சூடாதல், கருகிய மணம், விளக்கு மினுக்குதல், மின்னடி ஆகியன காப்பு தரும் எச்சரிக்கைகள். அவற்றைக் கண்டால் முதன்மைச் சுவிட்சை நிறுத்தித் தகுதிச் சான்றுடைய மின்பணியாளரை அழைக்க வேண்டும். நாடா சுற்றி மறைப்பது மருந்தாகாது. மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சின் சோதனைப் பொத்தானைத் திங்கள்தோறும் அழுத்திப் பார்ப்பதும் நலம்.

ஆசிரியப் பெருமக்களே, இவ்வெச்சரிக்கை வேற்றுமொழிக் கையேட்டோடு நின்றுவிட்டால் வீட்டிலுள்ள பாட்டிக்கு எட்டாது. கடத்தி, காப்பு, கசிவு, மிகைச்சுமை என்னும் சொற்களை வகுப்பறையில் பொருளுணர்த்திப் பழக்குவோம். மாணவன் அவற்றை வீட்டில் பேசட்டும். பால் சீவி உலகுக்குக் காப்பளித்தவர் வழிவந்தோர் தம் வீட்டில் காப்பின்றி வாழ்தல் ஆகாது.