தலைநகரில் இடம் தேடுவோர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமய விஷயமொன்றை எதிர்பார்த்து வந்திருக்கும் சபையிலே வீட்டு வாடகையைப்பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் உத்தியோகங் கிடைத்துக் கொழும்புக்கு வரும் நம் இளைஞனுக்கு முதலில் வேண்டியது தலைசாய்க்க ஓரிடம். ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு எழுந்தருளும் வேலவன் சில நாள் தங்கி மீளுகின்றான். அவனிடம் முற்பணம் கேட்பாரில்லை. அடியவனிடமோ கேட்கிறார்கள்.

அந்த முற்பணமே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள். வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளெங்கும் தொடர்மாடிகள் எழுந்துள்ளன. வீடு இல்லையென்று சொல்வதற்கில்லை. மாத வாடகை 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மூன்று நண்பர்கள் சேர்ந்தால் ஆளுக்கு 20,000, ஒருவாறு தாங்கலாம். ஓராண்டு வாடகையை முன்னதாகவே வைக்கவேண்டுமென்றாலோ, வாசற்படி மிதிக்குமுன் 720,000 ரூபா எண்ணிக்கொடுக்க வேண்டும். தரகருக்குக் கொடுப்பது வேறு. முதற் சம்பளமே கையில் வாங்காதவன் எங்கே போவான்? ஊரிலே தாயாரின் தாலிக்கொடி அடகுகடைக்குப் போகிறது.

வீட்டுக்காரரை மாத்திரம் குறைகூறுதல் நியாயமன்று. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரை எழுப்புவதை மிகவும் கடினமாக்கிற்று. வாடகையும் உயராமல், வீடும் மீளாமல், வழக்காடியே முதுமையெய்திய சொந்தக்காரர் உண்டு. 1980இல் வந்த திருத்தம் புதிதாக வாடகைக்கு விடப்படும் குடிமனைகளை அச்சட்டத்தினின்றும் விலக்கிய பின்னரும் அந்த அச்சம் நீங்கவில்லை. அச்சத்தின் விலையைத்தான் இன்றைய இளைஞன் கொடுக்கின்றான்.

எனினும் ஒன்று சொல்லவேண்டும், பெரியோர் பொறுத்தருள்க. நம்மவருக்கு வீடு கொடுக்க மறுப்பவர் எப்பொழுதும் பிறரல்லர். “பெடியளுக்குக் கொடுக்கமாட்டோம், குடும்பகாரருக்குத்தான்” என்னும் சொல்லை நம் சொந்தக்காரர் வாயிலேயே கேட்கிறோம். ஊர் எது, யாருடைய மகன் என்ற விசாரணை அதற்குமேல். விசாரிப்பதில் தவறில்லை, அவ்விசாரணை சாதியில் போய் முடிவதே நமக்கு வெட்கம்.

இளைஞரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கொடுக்கும் பணம் வைப்புப்பணமா, முன்கூட்டிய வாடகையா? முன்னதாயின் வெளியேறும்போது திரும்பிவர வேண்டும். பின்னதாயின் மாதந்தோறும் கழிபட வேண்டும். இதனை வாய்ச்சொல்லில் விட்டவர்களுக்கே கடைசியில் சுவர்ப்பூச்சுக்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு என்று கணக்கு நீளுகின்றது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. மின்மானி தனியா, பொதுவா என்பதையும் அன்றே கேட்டுக்கொள்க. 2022இலும் 2023இலும் மின்கட்டணம் ஏறியபோது பொதுமானி வீடுகளில் எழுந்த சச்சரவுகள் கொஞ்சமல்ல.

எழுத்தில் உள்ள முகவரி நம்மவருக்குச் சிறு விஷயமன்று. 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடைவிதித்தது. “கொழும்பில் உனக்கு என்ன வேலை?” என்ற கேள்விக்கு விடுதியறையிலிருந்தவன் காட்டத்தக்க சான்று மிகக் குறைவாயிருந்தது.

ஆகையால் சபைமுன் ஒரு யோசனையை வைக்கின்றோம். சங்கத்திலே முற்பணக் கடன் நிதியொன்று தொடங்கவேண்டும். பணம் இளைஞன் கைக்கு வராமல் வீட்டுக்காரருக்கே நேராகச் செல்லட்டும். அவன் தன் சம்பளத்திலிருந்து வட்டியின்றி மாதந்தோறும் நிதிக்குக் கட்டட்டும். அவன் நடத்தைக்குச் சங்கம் கடிதம் கொடுக்கட்டும். அக்கடிதத்தை ஏற்கும் வீட்டுக்காரர் மூன்று மாத முற்பணத்தோடு அமையட்டும். அவ்வாறு அமையச் சம்மதிப்போர் பெயரை எழுதுவதற்கு வாசிகசாலை மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கின்றோம். கூட்டம் முடிந்து தேநீருக்குப் போகும் வழியிலேதான் அம்மேசை இருக்கின்றது.