ஹேக்கத்தான்களும் தனித்தொழில் நிரலாளரும்



ஓரிரு நாள்கள் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து, ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, கணினி நிரலின் வழியே அதற்கான தீர்வின் முதல் வடிவத்தைச் செய்து காட்டுவதே ஹேக்கத்தான் எனப்படுவது. மாரத்தான் ஓட்டத்திடமிருந்து வாலைக் கடன் வாங்கிய சொல் இது. மாணவர்கள் இதனை நன்கு அறிவர். ஆனால் கல்லூரியும் இன்றி, நிறுவனமும் இன்றி, வீட்டிலிருந்தபடியே இணையத்தளங்களைச் செய்து கொடுத்து வாழும் தனித்தொழில் நிரலாளர் இதன் வாயில்வரை வந்து தயங்கி நின்றுவிடுகிறார். தம்மிடம் புதிய யோசனை ஏதும் இல்லை, அங்கு வருவோர் அனைவரும் தம்மினும் வல்லவர் என்பதே அவருடைய தயக்கம்.

இத்தயக்கத்திற்கு அவருடைய தொழிலின் அமைப்பே காரணமாகும். துணிக்கடை உரிமையாளர் ஒருவர் வருகிறார். இன்னது வேண்டும் என்கிறார். இவர் செய்து தருகிறார். யோசனை எப்போதும் பிறருடையது. பல ஆண்டுகள் இவ்வாறு உழைத்தவர், தமக்குக் கற்பனையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். தன்னம்பிக்கைக் குறைவும் அவ்வாறே உண்டாவதுதான். அலுவலகத்தில் இருப்பவர், பக்கத்து இருக்கைக்காரர் ஒரு சிறு பிழையைத் தேடி அரைநாள் திண்டாடுவதைக் கண்ணாரக் காண்கிறார். தனித்தொழிலரோ பிறருடைய முடிந்த வேலையை மட்டுமே காண்கிறார். அதனைத் தம்முடைய முடியாத வேலையுடன் ஒப்பிட்டுக் குன்றிப்போகிறார்.

ஹேக்கத்தானுக்கு யோசனையுடன்தான் வரவேண்டும் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட எண்ணம். 1999 ஜூன் மாதத்தில், கனடாவின் கால்கரி நகரில், ஓப்பன்பிஎஸ்டி என்னும் இயக்க அமைப்பை உருவாக்கி வந்த பத்துப்பேர் கூடினர். இச்சொல் வழங்கத் தொடங்கியது அப்போதுதான். குறியாக்க மென்பொருளின் ஏற்றுமதிக்கு அமெரிக்கா விதித்திருந்த சட்டத் தடைகளால் அவர்கள் அந்நாட்டிற்கு வெளியே கூடவேண்டியதாயிற்று. புதுமையைத் தேடி அவர்கள் வரவில்லை. தெரிந்த வேலையைச் சேர்ந்து முடிக்கவே வந்தனர்.

நம் நாட்டிலும் இதற்கு நல்ல சான்று உண்டு. 2013 ஏப்ரலில், அப்போதிருந்த திட்டக்குழு, 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டத்தை மக்களுக்கு விளக்கும் பொருட்டு ஒரு ஹேக்கத்தானை நடத்தியது. திட்டம் ஏற்கெனவே மூன்று தொகுதிகளாக வெளிவந்திருந்தது. அவற்றைப் புரட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. செயலிகளாகவும் விளக்கப்படங்களாகவும் குறும்படங்களாகவும் அதனை எளிதாக்கித் தரும் கைகளே வேண்டியிருந்தன. 2017-இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானிலும், அமைச்சகங்களும் துறைகளும் தம் சிக்கல்களைத் தாமே எழுதித் தருகின்றன. ஆறு மாணவர் கொண்ட குழு, குழுவில் ஒரு பெண்ணேனும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. மென்பொருள் பிரிவின் இறுதிச்சுற்று 36 மணிநேரம் நடைபெறும். அது மாணவர்களுக்கே உரியது. தனித்தொழிலர் நாடவேண்டியவை, எவரும் பங்கேற்கலாம் என்று அறிவிக்கப்படும் ஹேக்கத்தான்களே.

அங்கு நள்ளிரவுக்குமேல் என்ன நிகழ்கிறது என்பதைக் கவனித்தல் பயன் தரும். மாலையில் பெரும் யோசனையுடன் எழுந்து நின்ற குழு, இரவு இரண்டு மணிக்குத் தரவுத்தளத்துடன் திரையை இணைக்க இயலாமல் தவிக்கிறது. யோசனைக்கு அங்குப் பஞ்சமில்லை. ஒரு படிவத்தை ஒழுங்காக அமைத்து, கைப்பேசியிலும் சரியாகத் தோன்றச் செய்து, காலையில் நடுவர் முன் இயங்க வைப்பவருக்கே பஞ்சம். பத்து வசதிகளில் எட்டை விட்டுவிடலாம் என்று துணிந்து சொல்லக்கூடியவர், வாடிக்கையாளரிடம் கெடு தவறி வசை வாங்கிப் பழகியவரே ஆவார்! புதிதாக வருபவர், யோசனை வைத்திருக்கும் குழுவை அணுகி, தம்மால் எதைச் செய்ய இயலும் என்பதை ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டால் போதும். பெரும்பாலும் இருக்கை கிடைத்துவிடும். இயங்கும் நிரலின் நகலை மணிக்கொரு முறை சேமித்து வைப்பவராகவும் அவர் இருந்துவிட்டால், குழுவே அவரை விடாது.

ஆயினும் தனித்தொழிலருக்கு இரண்டு நாள் என்பது இரண்டு நாள் வருமானம். மாணவருக்கு இந்த இழப்பு இல்லை. ஆகவே எதற்கும் போய்விடலாம் என்று அவருக்கு அறிவுரை கூறுவது பொருந்தாது. பரிசுத்தொகையைக் காட்டி இலவச உழைப்பைத் திரட்டிக்கொள்ளும் கூட்டங்களும் உள்ளன. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. ஊழியராக அன்றித் தாமே எழுதியவரே அதன் முதல் உரிமையாளர். அவ்வுரிமையை மாற்றித்தர எழுத்து மூலமான உடன்பாடு வேண்டும். பதிவுப் படிவத்தின் அடியில் சிற்றெழுத்தில் இருப்பது அவ்வுடன்பாடாகவே இருக்கக்கூடும். அதனைப் படியாமல் கையொப்பமிடலாகாது.

அதிகாரிகளின் பங்கு, சிக்கலை எழுதுவதிலிருந்தே தொடங்குகிறது. "வேளாண்மையை நவீனமாக்குக" என்று எழுதிக் கொடுத்தால், அலங்காரமான திரைகளே கிடைக்கும். ஓய்வூதிய விண்ணப்பம் எந்த மேசையில், எந்தச் சான்றிதழுக்காகத் திரும்புகிறது என்று எழுதிக் கொடுத்தால், வேலை தொடங்கும். அந்த மேசையை அறிந்த ஊழியர் ஒருவர் இரு நாளும் அரங்கில் இருத்தல் வேண்டும். பரிசளிப்பு முடிந்தபின் அந்நிரல் யார் பொறுப்பில் இருக்கும், அதனைத் திருத்தித் தருபவருக்கு எந்தக் கணக்கிலிருந்து கூலி வழங்கப்படும் என்பதும் அறிவிப்பிலேயே இடம்பெற வேண்டும். பல நல்ல முயற்சிகள் மேடையிலிருந்து இறங்கிய அன்றே மறக்கப்பட்டமைக்கு, இவ்விரு வரிகள் இல்லாமற்போனதே காரணம்.