படியேற முடியாதவருக்கு எதற்குப் படி வைத்த வீடு?

ஆலங்காயம் ஒன்றியத்துக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, ஊன்றுகோலோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோழர்களே!

கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடு என்று அரசு அறிவித்தது. வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. குடிசை போய்க் கான்கிரீட் கூரை வருவதை மனமார வரவேற்கிறேன். ஆனால் பக்கவாதத்தில் ஒரு கால் விழுந்துபோன பெரியவர் அந்த வீட்டுக்குள் எப்படி ஏறுவார்? சர்க்கரை நோயில் காலை இழந்த அம்மா ராத்திரியில் கொல்லைக் கழிப்பறைக்கு எப்படிப் போவார்? குடிசையிலிருந்து தவழ்ந்தாவது வெளியே வந்தவரைப் படி வைத்த வீடு உள்ளேயே பூட்டி வைக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் உழைத்துத் தேய்ந்த உடம்புக்கு இதுவா கூலி?

நாம் சலுகை கேட்கவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, வீடு ஒதுக்கும் திட்டங்களில் 5 சதவீதம் நமக்கு என்கிறது. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. 8 லட்சத்தில் 5 சதவீதம் 40,000 வீடு! அறுபது வயதோடு அந்த உரிமை முடிந்துவிடும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் நாம்தான் முடித்துவிடுகிறோம். அதனால் அந்த ஒதுக்கீட்டுக்கு வேண்டிய 40 சதவீத ஊனச் சான்றிதழ்கூட வாங்காமல் எத்தனை முதியவர்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள்!

இடமில்லை, செலவாகும் என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அஸ்திவாரம் ஒன்றரை அடி என்றால் 18 அடி. பதினெட்டுக்கு இருபது என்று கட்டினால் 360 சதுர அடி வீடு. இருபது அடிப் பக்கச் சுவரை ஒட்டியே சாய்தளம் அடங்கிவிடும். வாசலை மூன்றடி அகலம் வைப்பதும், கழிப்பறையை வீட்டோடு சேர்த்துக் கைப்பிடி பதிப்பதும் கொத்தனாருக்குத் தெரியாத வித்தையா? கடைக்கால் தோண்டும்போதே செய்தால் செலவு குறைவு. கட்டி முடித்தபின் இடித்தால்தான் பணம் பாழ். மலைச்சரிவு ஊர்களில் அதற்கும் முன்னால், மனைப்பட்டா கொடுக்கும்போதே சாலையோரச் சமதரையை நடக்க முடியாதவர்களுக்கு ஒதுக்க வேண்டும்.

அணுகல் வசதி வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமே ராஜீவ் ரதூரி வழக்கில் சொல்லிவிட்டது. இனியும் "பார்க்கலாம்" என்ற பதிலை ஏற்க மாட்டோம்.

ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் சட்டமன்றம் வழிசெய்தது. அந்த நாற்காலியில் அமர்பவர் முதலில் கேட்க வேண்டியது வீட்டுப் பட்டியலை. அக்டோபர் 2 கிராம சபைக்கு உங்கள் வீட்டுப் பெரியவரைக் கைத்தாங்கலாகவாவது அழைத்து வாருங்கள். ஐந்து சதவீத ஒதுக்கீடு, சாய்தளம், வீட்டோடு கழிப்பறை: இம்மூன்றையும் தீர்மானமாக எழுதி, பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்க்காமல் யாரும் கலையாதீர்கள்!