பாரம் தூக்கும் பிள்ளைகள்



நாங்கள் படித்த காலத்தில் விளையாட்டு என்றால் வலைப்பந்தாட்டமும் இல்ல மெய்வல்லுநர் போட்டியும்தான். இன்று இதே மண்டபத்தில் பிள்ளைகள் ஜூடோவும் கராத்தேயும் பழகுகிறார்கள். உலகமும் இதற்குப் பிந்தித்தான் வந்தது. பெண்கள் ஜூடோ 1992இல் பார்சலோனாவிலும், மல்யுத்தம் 2004இல் ஏதென்ஸிலும், குத்துச்சண்டை 2012இல் லண்டனிலும்தான் ஒலிம்பிக் பதக்கப் போட்டிகளாயின.

ஆனால் பாரம் தூக்கும் பயிற்சி என்றதும் தாய்மார் எங்களிடம் வந்துவிடுவார்கள். "டொக்டர், பிள்ளை கட்டையாய்ப் போவாளோ? ஆம்பிளைப் பிள்ளை மாதிரித் தசை வைக்குமோ?" இரண்டுக்கும் எங்கள் பதில் "இல்லை" என்பதுதான். தெரிந்த பயிற்றுவிப்பாளரின் கண்காணிப்பில் அளவாகத் தூக்கும் பிள்ளையின் வளர்ச்சி குன்றும் என்பதற்குச் சான்று கிடையாது. 5 முதல் 17 வயது வரையானவர்கள் வாரத்தில் 3 நாட்களாவது தசையையும் என்பையும் வலுப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. முதற் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பின் பலம். கூடுதலான தசை நார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க மூளை பழகுகிறது. தசை பருப்பது பிறகு, அதுவும் பெண் உடலில் மெல்லத்தான். (கிணற்றில் அள்ளிக் குடம் குடமாய்ச் சுமந்த எங்கள் அம்மம்மாமாரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.)

குத்து கையிலே பிறப்பதில்லை. பின்கால் நிலத்தைத் தள்ள, அந்த விசை இடுப்பில் திரும்பி, வயிற்றுத் தசைகள் வழியாகத் தோளுக்கு ஏறி, முட்டியில் முடிகிறது. இடையில் ஓரிடம் தளர்ந்தாலும் விசை வீண். ஜூடோவில் 4 நிமிடம் எதிராளியின் உடுப்பைப் பிடித்துப் போராட வேண்டும். முன்கை களைத்துவிட்டால் நன்றாகத் தெரிந்த வீச்சும் உதவாது. ஆகவே பாரத்தோடு குந்தி எழும்புதல், நிலத்திலிருந்து தூக்குதல், கம்பியில் தொங்கி ஏறுதல், இவைதான் அடிப்படை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். பிள்ளை களைத்து விழும்வரை செய்விப்பவரை நல்ல பயிற்றுவிப்பாளர் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் இணையம் கிழியும் ஆபத்து பெண்களுக்கே கூட. தொடையின் பின்தசை வலுவும் சரியாகத் தரையிறங்கும் பழக்கமும் அதைக் குறைக்கும்.

எங்களுக்கு உண்மையான கவலை எடைப் பிரிவுகளில்தான். 48, 52, 57 கிலோ என்று போகும் பிரிவுகளில் ஒன்று கீழே இறங்கினால் வெல்லலாம் என்ற ஆசையில் பிள்ளைகள் சாப்பாட்டையும் தண்ணீரையும் விடுகிறார்கள். 1997இன் கடைசி இரு மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப்போய் இறந்தார்கள். 2024இல் பாரிஸில், இறுதிப் போட்டி நாள் காலை 100 கிராம் கூடியதால் வினேஷ் போகத் தகுதியிழந்ததை எல்லோரும் பார்த்தோம். அவர் வளர்ந்தவர், பக்கத்தில் வைத்தியர்கள் இருந்தார்கள். எங்கள் பிள்ளைக்கு 15 வயது. குறையச் சாப்பிட்டுக் கடுமையாகப் பழகினால் மாதவிடாய் நிற்கும், என்பு நலியும். "பயிற்சி கூட, அதுதான்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். மூன்று மாதம் வராவிட்டால் வைத்தியரிடம் அனுப்புங்கள். சோறு, மீன், முட்டை, பயறு சாப்பிட்டுப் பலம் ஏற்றிய பிள்ளை தன் சொந்த எடையிலேயே நின்று மோதலாம்.

நூற்றாண்டு நிதியில் புதிய பாய்கள் வாங்கப்போவதாக அறிகிறோம். நல்லது. இரண்டு பாரக் கம்பிகளையும் இலேசான தட்டுகளையும் தொங்குவதற்கு ஒரு குறுக்குக் கம்பியையும் எங்கள் வகுப்பு பொறுப்பேற்கிறது. பயிற்றுவிப்பாளரின் சம்பளத்தை வெளிநாட்டுக் கிளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரம்தான் சிக்கல்: செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்டதும் பிள்ளைகளுக்கு ரியூசனாம். அதை அதிபரும் பெற்றோரும் நாங்களும் தேநீர் வேளையிலேயே பேசிவிடுவோம்.