கத்திக்கு ஓர் இடம்



பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் கத்தி இல்லாத வீடு இல்லை. களியக்காவிளை வந்தால் தமிழ்நாடு. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை ஒன்றுதான். வாழை, தென்னை, பனை, ரப்பர், மரச்சீனி. இலை அறுக்கவும், கயிறு வெட்டவும், ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும் கத்தி வேண்டும். ஆனால் கத்தியைப்போல அடிக்கடி தொலையும் பொருளும் வேறு இல்லை.

ஒருவர் காலையில் வாழைத் தோட்டத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடக்குக் கத்தியைச் சட்டைப் பையில் போடுகிறார். குனிந்து வேலை செய்கிறார். கத்தி நழுவிச் சருகின்மேல் விழுகிறது. சத்தம் கேட்பதில்லை. மாலையில் பையைத் தடவிப் பார்க்கிறார். கத்தி இல்லை!

போனது கத்தியின் விலை மட்டுமா? மறுநாள் அந்த வழியே ஒரு குழந்தை வெறுங்காலோடு ஓடி வரலாம். சருகுக்குள் கத்தி விரிந்து கிடந்தால் என்ன ஆகும்? தொலைந்த கத்தி யாருடைய காலையாவது கிழிக்கும். அப்படிக் கிழித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ரண ஜன்னி தடுப்பு ஊசி தேவையா என்று அங்கே சொல்வார்கள்.

கத்தியைத் தொலைக்காமல் வைப்பது எப்படி? பனையேறியைப் பாருங்கள்.

பனை 60 அடிக்கு மேலும் வளரும். அதில் ஏறும்போது கையும் காலும் மரத்தைப் பிடிக்க வேண்டும். அரிவாளைக் கையில் வைக்க முடியாது. ஆகவே பனையேறி இடுப்பில் அரிவாள் பெட்டி கட்டுகிறார். மேலே போனதும் அரிவாளை எடுக்கிறார். பாளையைச் சீவுகிறார். சீவி முடிந்ததும் அரிவாள் பெட்டிக்குள் போய்விடும். ஓலையில் செருகி வைப்பதில்லை. மட்டையில் சாய்த்து வைப்பதில்லை.

ஏன் இவ்வளவு கவனம்? கீழே மனைவியோ பிள்ளையோ அக்கானி வாங்க நிற்கலாம். மேலேயிருந்து அரிவாள் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு காரணமும் உண்டு. அக்கானி இறக்கும் காலத்தில் பாளையை நாள்தோறும் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் அக்கானி ஊறுவது நின்றுபோகும். அரிவாள் தொலைந்தால் அன்றைய பாடு போயிற்று. இன்று பனையேறிகள் குறைந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் கற்றுத் தரும் பாடம் எல்லோருக்கும் உதவும்.

இந்தப் பாடம் மிகவும் பழையது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 1991-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் ஓர் அதிசயம் நடந்தது. ஆல்ப்ஸ் என்னும் பனிமலையில், இத்தாலி, ஆஸ்திரியா நாடுகளின் எல்லையில், ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. அவர் இறந்து 5,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பனியில் புதைந்ததால் உடல் கெடவில்லை. அவரிடம் கல்லால் செய்த ஒரு சிறிய கத்தி இருந்தது. கத்திக்கு நாரால் பின்னிய உறை இருந்தது. கைப்பிடியின் நுனியில் ஒரு கயிறும் இருந்தது.

உறை, கயிறு. இந்த இரண்டும்தான் வழி.

முதலில் உறை. மடங்காத கத்திக்கு உறை கட்டாயம் வேண்டும். கமுகம் பாளையை மடக்கித் தைத்தால் நல்ல உறை கிடைக்கும். உறையின் வாய் மேலே பார்த்திருக்க வேண்டும். கத்தியை உறையில் போட்டு, தரைக்குப் பக்கத்தில், காலுக்குத் தள்ளிக் கவிழ்த்துப் பாருங்கள். கத்தி விழுந்தால் உறை லூசு. அதைச் சரி செய்யுங்கள். ஈரக் கத்தியை உறையில் வைக்காதீர்கள். துருப் பிடிக்கும்.

அடுத்தது கயிறு. மடக்குக் கத்தியின் பின்பக்கம் பலவற்றில் ஒரு வளையம் இருக்கும். அதில் உறுதியான நூல் கயிற்றைக் கட்டுங்கள். மறுமுனையை அரைஞாண் கயிற்றிலோ, பெல்ட்டிலோ கட்டுங்கள். கயிறு இரண்டு முழம் இருந்தால் போதும். கத்தியை மடக்கி, கயிற்றோடு பையில் போடுங்கள். கயிறு வெளியே தொங்கினால் கொம்பில் மாட்டும். விரிந்த கத்தியைக் கயிற்றில் தொங்கவிடாதீர்கள். அது ஆடித் தொடையைக் கிழிக்கும்.

வேட்டி மடியில் கத்தியைச் சொருகுவது பலருக்குப் பழக்கம். குந்தி உட்காரும்போது மடி அவிழும். கத்தி போகும். சிலர் வாழைத் தண்டில் குத்தி வைப்பார்கள். பிறகு மறந்துவிடுவார்கள். இரண்டும் வேண்டாம்.

புல் அறுக்கப் போகும் பெண்கள் அரிவாளின் பிடியில் சிவப்புத் துணி சுற்றலாம். பச்சைப் புல்லில் சிவப்பு நிறம் தூரத்திலேயே தெரியும்.

வேலை முடிந்து எழும்போது கத்தியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வீட்டில் அதற்கென்று ஓர் ஆணி அடியுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் அடியுங்கள். கத்தியைத் தினமும் அங்கேயே மாட்டுங்கள்.

வளைகுடா நாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டுபோக அனுமதி இல்லை. சோதனையில் எடுத்துவிடுவார்கள். சாமான்களோடு ஏற்றும் பெரிய பெட்டியில் வையுங்கள்.

இத்தனை செய்தும் சில சமயம் கத்தி தொலையலாம். அதற்கும் ஒரு வழி உண்டு. ஓர் ஆணியைச் சூடாக்குங்கள். இடுக்கியால் பிடித்து, கத்தியின் மரப்பிடியில் உங்கள் பெயரின் முதல் எழுத்தைச் சுட்டு எழுதுங்கள். தமிழில் எழுதலாம். மலையாளத்திலும் எழுதலாம். கண்டெடுத்தவர் அதைப் படிப்பார். யாருடையது என்று விசாரித்துக் கொண்டுவந்து கொடுப்பார்.

முன்பு கைநாட்டு வைத்த விரல் இன்று எழுதுகிறது. அந்த எழுத்து உங்கள் கத்தியிலும் இருக்கட்டும்.