எல்லாக் கைபேசிக்கும் எட்டும் செய்தி
(எறையூரில் ஊராட்சியாளர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட பொருள் சிறியதுபோல் தோன்றும். கிராமத்துக்கு வேண்டிய செய்தியை ஒருவருக்கொருவர் தெரிவித்துக் கொள்ளக் கைபேசியில் எந்தச் செயலியை வைத்துக் கொள்வது என்பதே அது. இது இளைஞர்களின் பொழுதுபோக்கு, பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக் கூடும். எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். வெட்டிய கரும்பு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அரவைக்குப் போய்ச் சேருவதே நல்லது. பிந்தப் பிந்த எடையும் குறைகிறது, சர்க்கரைச் சத்தும் குறைகிறது. வெட்டு உத்தரவு வந்த செய்தியோ, அரவை நின்றுவிட்ட செய்தியோ ஒரு நாள் கழித்துக் கிடைத்தால் நஷ்டம் யாருக்கு என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

மக்காச்சோளத்தின் கதையும் அதுவே. 2018-ஆம் ஆண்டில் படைப்புழு நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் புகுந்து அழிவு செய்தது. தலையில் தலைகீழான ‘ஒய்’ எழுத்துப் போன்ற வெள்ளைக் கோடு, வாலருகே சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகள் - இவைதாம் அதன் அடையாளம். வாய்ச்சொல்லால் இதை விவரித்தால் பத்துப் பேர் பத்துப் புழுவை நினைப்பார்கள். ஒரு படத்தை அனுப்பினால் ஐயத்துக்கு இடமில்லை. ஆகவே படமும் குரலும் செல்லக்கூடிய செயலி நமக்கு வேண்டியதே.

ஆனால் எது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் நெல் திருச்சி வானொலியின் வாயிலாகப் பரவி, ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றதைப் பெரியவர்கள் அறிவார்கள். அன்று வானொலிப் பெட்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் திருச்சி நிலையம் அதில் கேட்டது. சாதாரணத் தொலைபேசி அழைப்பும் குறுஞ்செய்தியும் இன்றும் அப்படித்தான். ஒரு கம்பெனி சிம்மிலிருந்து மற்றொரு கம்பெனி சிம்முக்குத் தடையின்றிப் போகின்றன. செயலிகளின் நிலை வேறு. வாட்ஸ்அப்பில் எழுதியது டெலிகிராமில் இருப்பவருக்குப் போகாது. டெலிகிராமில் எழுதியது அரட்டையில் இருப்பவருக்குப் போகாது. ஒரே தெருவில் நான்கு தபாலாபீசுகள் இருந்து, ஒன்றின் கடிதத்தை மற்றொன்று வாங்க மறுப்பது போன்றது இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய செயலிகள் பிறவற்றுக்கு வழிவிட வேண்டுமென்று சட்டம் இயற்றி, 2024 மார்ச் முதல் கட்டாயப்படுத்தினார்கள். அந்தச் சட்டம் அந்நாடுகளோடு நின்றது.

நிற்க. முதலில் நம் ஊரில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று பார்ப்போம். பிள்ளைகளிடம் புதிய ஆண்ட்ராய்டு போன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சிலரிடம் சிம் இல்லாத டேப்லெட். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கொடுத்த ஐபோன் ஒன்றிரண்டு. ஊராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர். வயலில் நிற்கும் பெரியவரிடம் பட்டன் போன். பல வீடுகளில் நல்ல போனை மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ கொண்டு போய்விட்டான். நிலத்தைப் பார்க்கும் தாயிடம் இருப்பது பட்டன் போன்தான். செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது நம் கையிலுள்ள போனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இயல்பு. நாம் சொல்வது, வார்டிலேயே மிகப் பழைய போனைப் பார்த்துத் தொடங்குங்கள் என்பது.

ஓர் உதாரணம். 2017-இல் வெளிவந்த ஜியோபோனை மலிவு கருதி நாடெங்கும் பலர் வாங்கினார்கள். 2018-இல் அதில் வாட்ஸ்அப்பும் வந்தது. 2024 ஜூனில் அவ்வகைப் போன்களில் புதிதாக அதை ஏற்ற முடியாமற் போயிற்று; ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் 2025-இன் தொடக்கத்தோடு சேவை முடிந்தது. 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 என்னும் பழைய பதிப்புள்ள போன்களிலும் அது நின்றது. போன் கெடவில்லை, சொந்தக்காரரும் தவறு செய்யவில்லை. செய்தி மட்டும் வருவதில்லை. குழுவில் பெயர் இருப்பதால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று மற்றவர்கள் நினைத்துக் கொள்கிறார்கள். இதைத்தான் நாம் பெரிய ஆபத்தாகக் கருதுகிறோம்.

செயலிகளே மறைவதும் உண்டு. ஹைக் என்ற இந்தியச் செயலி 2012-இல் தொடங்கி 2021-இல் மூடப்பட்டது. உலகப் புகழ் பெற்ற ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது.

இனி, இருப்பவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒரே கணக்கைப் பல கருவிகளில் வைத்துக் கொள்வதில் 2013-இல் வந்த டெலிகிராம் வசதியானது. செய்திகள் கம்பெனியின் கணினியில் இருப்பதால், போன் அணைந்திருந்தாலும் டேப்லெட்டிலும் கம்ப்யூட்டரிலும் படிக்கலாம். அதற்கு ஈடாக, சாதாரண உரையாடல்கள் அனுப்புகிறவர், பெறுகிறவர் தவிர எவரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டவை அல்ல; ‘இரகசிய உரையாடல்’ என்று தனியே தொடங்கினால்தான் அந்தப் பூட்டு உண்டு. வாட்ஸ்அப்பில் 2016 முதல் அந்தப் பூட்டு எல்லோருக்கும் உள்ளது. ஒரு போனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். ஆனால் அந்த மூலப் போனைப் பதினான்கு நாட்கள் திறவாமல் விட்டால் இணைப்புகள் அறுந்துவிடும். ஐபேடுக்கு உரிய வாட்ஸ்அப் 2025 மே மாதத்தில்தான் வந்தது. நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோ 2021-இல் வெளியிட்ட அரட்டை, போன், டேப்லெட், கம்ப்யூட்டர் மட்டுமன்றித் தொலைக்காட்சியிலும் இயங்குகிறது. 2025 செப்டம்பரில் மக்கள் பெருவாரியாக அதில் சேர்ந்தபோது எழுத்துச் செய்திகளுக்கு அந்த முழுப் பூட்டு இல்லை. பின்னரே அதைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தமிழ்ப் பெயர் கொண்ட செயலி வளர வேண்டுமென்பது நம் ஆசையும்தான். ஆயினும் ஆசையைக் கொண்டு ஊரின் செய்திப் போக்கை மாற்றுதல் தகாது.

சிம் இல்லாத கருவிகளைப் பற்றி மற்றொன்று. இத்தகைய செயலிகள் போனிலுள்ள சிம்மோடு பிணைந்தே இயங்க வேண்டும் என்றும், கம்ப்யூட்டரில் திறந்த கணக்கு ஆறு மணி நேரத்துக்குள் தானே மூடிக்கொள்ள வேண்டும் என்றும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டது. மோசடிகளைத் தடுப்பது அதன் நோக்கம். சிம் இல்லாத டேப்லெட்டையே நம்பி ஏற்பாடு செய்ய நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

எங்கள் முடிவு இது: எறையூர் போன்ற ஊரில், பெரும்பாலோர் போனில் ஏற்கெனவே உள்ள வாட்ஸ்அப்பையே பொதுச் செயலியாகக் கொள்ளலாம். அது மற்றவற்றினும் சிறந்தது என்பதற்காக அன்று. எல்லோரையும் புதிய செயலிக்கு மாற்ற முயன்றால் பாதிப் பேர் அங்கும் பாதிப் பேர் இங்கும் நின்றுவிடுவார்கள் என்பதற்காக. அதிலும் குழுவைவிட, 2023-இல் வந்த ‘சேனல்’ என்னும் ஒருவழி ஏற்பாடு அறிவிப்புக்கு ஏற்றது. குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிகிறது. அதனாலேயே பெண்கள் பலர் சேரத் தயங்குகிறார்கள். சேனலில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே குடிநீர் நிறுத்த அறிவிப்பைத் தேடும் தொல்லையும் இல்லை. சேர்ந்தவுடன் மணிச் சின்னத்தைத் தொட்டு ஒலியை இயக்கிக் கொள்ள வேண்டும். இல்லாவிடில் செய்தி வருவதே தெரியாது. சேனலில் வருவது இரகசியமன்று. ஆதார் நகல், பாஸ்புத்தகப் படம் எதையும் பொதுவில் போடலாகாது. பி.எம். கிசான் பெயரைச் சொல்லி வரும் ‘ஏ.பி.கே.’ கோப்பைத் தொடவும் கூடாது; தொட்டுப் பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அந்தச் சேனலை ஊராட்சிக்கென்று வாங்கிய சிம்மில் தொடங்க வேண்டும். 2025 ஜனவரியில் நம் மாவட்டத்து ஊராட்சி மன்றங்களின் பதவிக் காலம் முடிந்தது. பொறுப்புக்கு வருகிறவர் மாறுவார். சொந்த எண்ணில் தொடங்கினால் சாவியும் அவரோடு போய்விடும்.

பட்டன் போன் வைத்திருப்போருக்குக் குறுஞ்செய்தி உண்டு. ஆனால் ஆங்கில எழுத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறிகளையே கொள்ளும். ‘கு’ என்பதும் இரண்டாகக் கணக்கிடப்படும். “நாளை காலை 6 முதல் குடிநீர் வராது” என்ற அளவில் எழுதப் பழக வேண்டும். சில பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துப் படிக்காதவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு நேரே போன் செய்வதைவிடச் சிறந்த வழி இல்லை.

கிராம சபையின் அறிவிப்பைச் செயலியில் போட்டுவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. தண்டோரா போடும் வழக்கத்தை 2022-இல் நிறுத்தச் சொன்ன அரசு, அதற்குப் பதில் வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னது. அறிவிப்புப் பலகையும் ஒலிபெருக்கியும் எந்தப் பதிப்புப் போனையும் எதிர்பார்ப்பதில்லை. போன் இல்லாதவரும் கிராம சபையில் வாக்குரிமையுள்ள உறுப்பினரே.

ஆகவே செயலி தொடங்குமுன் வார்டு வாரியாக ஒரு பட்டியல் எடுங்கள். எந்த வீட்டில் எந்தப் போன், அது பகலில் யார் கையில் இருக்கிறது, வாட்ஸ்அப் இயங்குகிறதா, தமிழ் தெரிகிறதா என்று குறித்துக் கொள்ளுங்கள். செயலி எட்டாத வீடுகளை வார்டுக்கு ஒருவர் பொறுப்பேற்றுப் போனில் அழைக்கட்டும். மகளிர் குழுவினர் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். பிறகு ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். மறுநாள் மாலைக்குள் எத்தனை வீடுகளுக்குத் தெரிந்தது என்ற கணக்கை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்; விட்டுப்போன வீடுகளுக்கு என்ன வழி என்று அப்போது பேசுவோம்.